எழுவாய் இடம் மாறிய வரி

சப்ஜெக்ட் என்றால் பாடம் இல்லை, செய்கிறவர் என்று ரெஹானா மேடம் சொல்கிறார். பலகையில் பச்சை மார்க்கரால் சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறார். மார்க்கர் காய்ந்துகொண்டு வருகிறது போல, மூன்றாவது கட்டத்துக்கு ஒரு பக்கக் கோடு விழவே இல்லை. செய்கிறவர், செயல், யார் மேல் அந்தச் செயல் போய் விழுகிறதோ அவர். இதெல்லாம் தாராபுரத்தில் எட்டாவது படிக்கும்போதே எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று படித்ததுதான். அப்போது அதில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை, பரீட்சையில் இரண்டு மார்க், அவ்வளவுதான். இப்போது முப்பத்தெட்டு வயதில், கம்பெனி கேண்டீனில், மத்தியானச் சாம்பார் வாசனை இன்னும் போகாத பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூன்று கட்டத்தைப் பார்க்கும்போது தொண்டையில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. பஞ்சாகவே இருக்கலாம். பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தால் தொண்டையில் பஞ்சு இல்லாமல் எப்படி. தண்ணீர் பாட்டிலை எடுக்கலாமா, எடுத்தால் மேடம் என்னைப் பார்ப்பார், பார்த்தால் கேள்வி கேட்பார். சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஆபீஸ் ஆட்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் அடிப்படை இங்கிலீஷ் இலக்கணம் என்று பெங்களூர் ஹெட் ஆபீஸிலிருந்து உத்தரவு. இது நாலாவது வாரம். முதல் மூன்று வாரம் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று நிம்மதியாகப் போயிற்று. மேடத்துக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார், யாரையும் திட்டுவதில்லை, எல்லாரையும் வாங்க போங்க என்கிறார். அவரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பெஞ்சு முன்னால் சூப்பர்வைசர் தனபால் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தின் பின்பக்கம் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. வியர்வை அதன் நடுவில் ஒரு கோடாக இறங்குகிறது. நோட்டில் கட்டம் போடுகிறார், ஸ்கேல் வைத்து, அக்கறையாக.

மேடம் அட்டைத் துண்டு மூன்றைக் கையில் எடுக்கிறார். டாக், சேஸஸ், கேட். நாய் துரத்துகிறது பூனையை. பலகையில் ஒட்டிவிட்டு, தமிழில் பாருங்க, பூனையை நாய் துரத்துதுன்னு சொன்னாலும் நாய் பூனையைத் துரத்துதுன்னு சொன்னாலும் ஒரே அர்த்தம்தான், இல்லைங்களா, என்கிறார். தமிழில் அந்தப் பூனையோடு ஒரு ஐ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது எங்கே போனாலும் கூடவே போகும், அதனால் வரிசையைப் பற்றிக் கவலை இல்லை, இங்கிலீஷில் அந்த ஐ கிடையாது, இடம்தான் எல்லாம், முதல் இடத்தில் யார் நிற்கிறாரோ அவர்தான் செய்தவர். சொல்லிக்கொண்டே முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் மாற்றி ஒட்டுகிறார். கேட் சேஸஸ் டாக். பூனை நாயைத் துரத்துகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். ஸ்டோர் கோபிநாத், எங்க வீட்டுல அப்படித்தாங்க மேடம், என்று சொல்ல இன்னும் சிரிப்பு. தனபாலுக்குத் தோள் குலுங்குகிறது. நானும் பல்லைக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் யாராவது என்னவென்று கேட்பார்கள். இதோ, இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, நான் செய்தது இதுதான், இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது, யாரும் இப்படி அட்டை வைத்துச் சொல்லித் தரவில்லை. இதைத்தான் நான் செய்திருக்கிறேன். போன ஆடி மாசம். நாய் இல்லை, பூனை இல்லை. முனீஸ்வரியை.

முனீஸ்வரி மூன்றாவது லைனில் லேபிள் தைக்கிற பெண். சாத்தூர்ப் பக்கம். முப்பது வயது இருக்கும், கைப்படக் கையெழுத்துப் போடுவாள், இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. எல் போட்ட லேபிளும் எக்ஸ்எல் போட்ட லேபிளும் ஒரே கூடையில் கலந்து கிடந்திருக்கிறது, அவள் பெரிய பனியனில் சின்ன லேபிளைத் தைத்துவிட்டாள், ஒரு பண்டல் முழுக்க. தனபால் வந்து பார்த்தார், பனியனை அவள் முகத்தில் எறிந்தார், அவள் எழுந்து நின்று என்னமோ சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் அறைந்துவிட்டார். நான் பார்க்கவில்லை. நான் அப்போது டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்த்துக்கொண்டிருந்த கிளார்க். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்து கன்னத்தையும் காதையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தாள், மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து மிஷின் பேச்சியம்மாள் மட்டும் சாட்சி எழுதித் தர ஒத்துக்கொண்டாள். கோடு போட்ட தாளில் இரண்டே வரி. முனீஸ்வரியை சூப்பர்வைசர் தனபால் கன்னத்தில் அறைந்தார், நான் பக்கத்து மிஷினில் இருந்து பார்த்தேன். ஹெட் ஆபீஸில் தமிழ் படிக்க ஆள் இல்லை. மேனேஜர் ஜெயக்குமார் சார் என்னைக் கூப்பிட்டு, இந்துமதி, நீங்கதான் தபால் வழியில பி.காம். முடிச்சிருக்கீங்களே, இதை இங்கிலீஷ்ல போட்டுக் குடுங்க, என்றார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. அறை என்று போனில் தேடினேன், ரூம் என்று வந்தது. கன்னத்தில் அறைதல் என்று போட்டதும் ஸ்லாப் என்று வந்தது. நடந்து முடிந்ததால் ஸ்லாப்ட். இங்கிலீஷில் வினைச்சொல் நடுவில் வரும் என்பது மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து ஞாபகம் இருந்தது, அதனால் கடைசியில் இருந்த அறைந்தாரைத் தூக்கி நடுவில் வைத்தேன். மற்றதெல்லாம் பேச்சியம்மாள் எழுதிய வரிசையிலேயே. முனீஸ்வரி ஸ்லாப்ட் சூப்பர்வைசர் தனபால். எவ்வளவு சுத்தமாக இருந்தது பார்ப்பதற்கு. ஒரு எழுத்துப்பிழை இல்லை.

எடுத்துக்கொண்டு போய் சார் மேஜையில் வைத்தேன். சரியா இருக்குங்களா சார், ஒருதரம் பாத்திருங்க, என்று கேட்டேன். கேட்டேன் என்பது நல்ல ஞாபகம் இருக்கிறது, அதை நான் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், கேட்டேன் அல்லவா, கேட்காமல் விடவில்லை அல்லவா. சார் படித்தார். பேனாவை எடுத்தவர் எழுதாமல் நிறுத்தி இன்னொரு தரம் படித்தார். பிறகு லேசாக, ரொம்ப லேசாக, வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தார். சரியா இருக்கு, என்றார். கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு. பி.காம். படித்த பெண் முதல்முறையாக இங்கிலீஷில் எழுதிவிட்டாளே என்ற சிரிப்பாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். தனபால் அவருக்கு ஒன்றுவிட்ட மச்சினன் என்று லைனில் பேசிக்கொள்வார்கள், பேசிக்கொள்வது எல்லாம் உண்மையா. நான் ஏன் அவர் சிரிப்பைப் பற்றி யோசிக்கிறேன். எழுதியது என் கை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் விசாரணை. திரையில் ஹெட் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர், ஒரு பெண், ஒரு ஆண், இருவர் முன்னாலும் என் தாள் இருந்திருக்கும். முனீஸ்வரியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர்கள் இங்கிலீஷில் கேட்டார்கள், ஜெயக்குமார் சார் தமிழில் சொன்னார், என்ன சொன்னாரோ. கதவுக்கு வெளியே எனக்கு அவள் குரல் மட்டும் கேட்டது. நான் என்ன செஞ்சேன், என்னிய ஏன் கேக்கீக, என்று கத்தினாள், மேஜையைத் தட்டினாள், அழுதாள். திரையில் இருந்தவர்கள் அந்தக் கத்தலைப் பார்த்தே முடிவு செய்திருப்பார்கள். அறைந்தவள் என்று தாளில் படித்துவிட்டுப் பார்த்தால் அவள் அறைகிறவள் மாதிரிதான் தெரிந்திருப்பாள். பேச்சியம்மாளை யாரும் கூப்பிடவில்லை, அவளுடைய தாள்தான் இருக்கிறதே.

மேடம், இப்ப நீங்க ஒரு வாக்கியம் யோசிச்சு வைங்க, அஞ்சு நிமிஷத்துல ஒவ்வொருத்தரா சொல்லணும், என்கிறார். எல்லாரும் நோட்டில் குனிகிறார்கள். மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்கிறது. கீழே தையல் லைன் ஓடுவது பெஞ்சு வழியாகத் தொடையில் தெரிகிறது. இடது கால் மரத்துவிட்டது, நகர்த்தினால் ஊசி குத்தும், நகர்த்தாமல் இருக்கிறேன். இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சற்று முன்னால் எனக்கே சொல்லிக்கொண்டேனே, அது பொய். எனக்குள்ளேயே பொய் சொல்கிறேன், கேட்பதற்கு வேறு யாருமே இல்லாத இடத்தில். ஆடி முடிவதற்குள் ஆர்டர் வந்தது. என் கைக்குத்தான் முதலில் வந்தது, நான்தான் பிரிண்ட் எடுத்தேன். சூப்பர்வைசரை அறைந்த காரணத்தால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று இங்கிலீஷில் இருந்தது. இங்கிலீஷ் எனக்கு எழுதத்தான் வராது, அந்த அளவுக்குப் படிக்க வரும். இது என்ன கூத்து, மாற்றிப் போட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கோபம்கூட வந்தது, ஹெட் ஆபீஸ்காரர்கள் மேல். ஃபைலை எடுத்துப் பார்த்தேன். முனீஸ்வரி ஸ்லாப்ட். அப்போது யாரும் அட்டை வைத்துச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. காது இரண்டும் சூடாகி, கண்ணுக்கு முன்னால் எழுத்து எல்லாம் பூச்சி மாதிரி ஊர்ந்தது. ஃபைலை மூடினேன். நாடாவை முடிச்சுப் போட்டேன். அலமாரியில் வைத்துச் சாவியைத் திருப்பினேன். ஒவ்வொன்றையும் நான்தான் செய்தேன், என் கைதான், எல்லாம் சின்னச் சின்ன வேலை, ஒன்றும் தப்பான வேலை இல்லை, ஃபைலை மூடுவது தப்பா. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் முனீஸ்வரி கணக்கு முடிக்க வந்தாள், அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். இதுல என்னக்கா எழுதியிருக்கு, என்று கேட்டாள். வேலையை விட்டு நிறுத்தியிருக்காங்க, என்றேன். எதுக்குன்னு எழுதியிருக்கு? அதெல்லாம் இல்லை, சும்மா பொதுவா இருக்கு, என்றேன். அவள் பெருக்கல் குறியின் மேலேயே கையெழுத்துப் போட்டாள்.

தை மாசம் என்னை ஹெச்.ஆர். அசிஸ்டென்ட் ஆக்கினார்கள். தனி மேஜை, சுழல் நாற்காலி, ஜன்னல் பக்கம். ஜெயக்குமார் சார், உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருதே, என்றார். கேலியா, எச்சரிக்கையா, நிஜமான பாராட்டா. ஏழு மாசமாக அந்த ஒரு வாக்கியத்தை இப்படித் திருப்பிப் பார்க்கிறேன், அப்படித் திருப்பிப் பார்க்கிறேன், அது சிரித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் நேத்ரா ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியம், கிராமர் பரீட்சைக்கு முந்தின நாள் சத்தம் போட்டுப் படிப்பாள். நான் அடுப்படியில் குக்கர் விசிலை எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டிருப்பேன். அம்மா, ஆப்ஜெக்ட்னா என்னன்னு சொல்லு பாப்போம், என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு வேலை இருக்கு போடி, என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. சித்திரையில் பழைய பஸ் ஸ்டாண்டில் முனீஸ்வரியைப் பார்த்தேன். நான்தான் முதலில் பார்த்தேன், தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன், அவள் பார்த்துவிட்டாள். இளைத்திருந்தாள். நல்லாருக்கீகளா யக்கா, பாப்பா நல்லாருக்கா, என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பழைய இடத்தில் விசாரிக்கிறார்களாம், விசாரித்ததும் வேண்டாம் என்கிறார்களாம், இப்போது ஒரு வேஸ்ட் குடோனில் துண்டுத் துணி பிரிக்கிறாளாம். அப்புறம் என் முகத்தையே பார்த்து, யக்கா, அந்தப் பேச்சியம்மா எழுதுன பேப்பர நீங்கதான இங்கிலீசுல எழுதினீக, நல்லாத்தான எழுதினீக, அதுக்கப்புறமுமா இப்படிச் செஞ்சாக, என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. என்மேல் இருந்த நம்பிக்கையில் கேட்டாள். நல்லாத்தான் எழுதினேன், என்றேன். அதுக்குத்தான் யக்கா எனக்குப் புரியவே மாட்டேங்கு, என்றாள். என் பஸ் இல்லாத பஸ்ஸில் ஏறினேன். அவிநாசி வரைக்கும் போய், இறங்கி, திரும்பி வந்தேன்.

சரி, ஆரம்பிக்கலாமா, என்கிறார் மேடம். முன் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுகிறார்கள். ஐ ஈட் தோசை. மை சன் ப்ளேஸ் கிரிக்கெட். கோபிநாத், மை ஒய்ஃப் சேஸஸ் மீ என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிறார். மேடம் ஒவ்வொன்றையும் அந்த மூன்று கட்டத்தில் எழுதிக் காட்டுகிறார். ஐ என்பது எப்பவுமே செய்கிறவர், ஞாபகம் வச்சுக்கங்க, என்கிறார். தமிழில் ஐ ஒட்டிக்கொண்டால் அடி வாங்கினவர். இங்கிலீஷில் ஐ என்றால் நான். இரண்டும் காதுக்கு ஒன்றாகவே கேட்கிறது. தனபால் எழுந்திருக்கிறார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஐ கண்ட்ரோல் தி லைன், என்கிறார். ஏனுங் மேடம், சரிங்களா? சூப்பர், ரொம்பச் சரி, என்கிறார் மேடம். இன்னும் ஆறு பேர். ஐந்து பேர். நான் சொல்லிவிடலாம். தனபால் ஸ்லாப்ட் முனீஸ்வரி. மூன்றே சொல், மூன்று கட்டத்திலும் கச்சிதமாக உட்காரும். மேடத்துக்கு ஒன்றும் தெரியாது, பலகையில் எழுதிக்கூட விடுவார், முப்பது பேரும் பார்ப்பார்கள், இந்த முப்பது பேருக்கும் முனீஸ்வரியைத் தெரியும், அறை விழுந்ததும் தெரியும், தெரிந்தும் என்ன, தெரிந்துதானே எல்லாரும் ஒரு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் இதே பெஞ்சில். தனபால் திரும்பிப் பார்ப்பார். நாளைக்கு என் மேஜை இருக்காது. நேத்ரா பள்ளிக்கூடம். மூன்று பேர். இரண்டு பேர். முதல் சொல்லைச் சொல்லிவிட்டால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும், முதல் சொல் அவர் பெயர்தானே, வெறும் பெயர். இந்துமதி மேடம், நீங்க சொல்லுங்க. எழுந்திருக்கிறேன், மரத்த காலில் ஆயிரம் ஊசி. தனபாலின் கழுத்தைப் பார்க்கிறேன். ஐ, என்கிறேன். ஐ டிரிங்க் டீ. வெரி குட், என்கிறார் மேடம். உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். அடுத்தவர் எழுந்துவிட்டார். இவ்வளவு சுலபமாகத்தான் அன்றைக்கும் இருந்தது. ஃபைலை மூடியது, நாடாவைக் கட்டியது, இப்போது ஐ டிரிங்க் டீ. எனக்கு என்னவோ ஆகிவிட்டது, கண் நிறைந்துகொண்டு வருகிறது, பஞ்சு என்று நினைத்துக்கொள்ளட்டும், முந்தானையால் துடைக்கிறேன்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது. மேடம் அடுத்த வாரத்துக்கு ஒரு முன்னோட்டம் என்று பேசிவ் வாய்ஸ் எழுதுகிறார். தி கப் வாஸ் புரோக்கன். கப் உடைக்கப்பட்டது. யார் உடைச்சாங்கன்னு சொல்ல இஷ்டமில்லைன்னா இப்படிச் சொல்லலாம், இங்கிலீஷ்ல இது ரொம்ப மரியாதையான முறை, ஆபீஸ் லெட்டர்ல எல்லாம் இதுதான் வரும், என்கிறார். நீக்கப்படுகிறார். ஆர்டரில் அப்படித்தான் இருந்தது. யார் நீக்கினார்கள் என்று அதில் இல்லை. பெல் அடிக்கிறது. பெஞ்சு இழுபடுகிற சத்தம், டிபன் பாக்ஸ் சத்தம், எல்லாரும் டீக்குப் போகிறார்கள். நான் என் மேஜைக்குப் போகிறேன். கம்ப்யூட்டர் தூங்கிக் கிடக்கிறது, தட்டியதும் விழிக்கிறது. அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்து, பேச்சியம்மாள் தாளைப் போனில் போட்டோ எடுக்கிறேன். முதல் படம் மங்கல். இரண்டாவது சரி. ஹெட் ஆபீஸ் முகவரி மனப்பாடம், தினம் வருகைப் பதிவு அனுப்புகிற முகவரிதான். மிஸ்டேக் வாஸ் மேட் இன் டிரான்ஸ்லேஷன் என்று அடித்துவிட்டேன். பார்க்க மரியாதையாக இருக்கிறது. தவறு செய்யப்பட்டது, காற்று வந்து செய்துவிட்டுப் போன மாதிரி. அழிக்கிறேன். ஐ மேட் தி மிஸ்டேக். தனபால் ஸ்லாப்ட் முனீஸ்வரி. ஐ ரோட் இட் ராங். ப்ளீஸ் ரீட் தி தமிழ் லெட்டர் வித் அ தமிழ் பெர்சன். தவறு என்னுடையது, தப்பாக எழுதியது நான், தமிழ் தெரிந்தவரை வைத்துப் படியுங்கள். நாலு வரி. ஒவ்வொரு வரியிலும் செய்கிறவர் யார், வினை எது என்று விரலை வைத்துப் பார்க்கிறேன். நாலாவது வரியில் செய்கிறவரைக் காணோம், பரவாயில்லை, கெஞ்சுகிற வரி அது. ஜெயக்குமார் சார் கேபினில் ஏ.சி. சத்தம் கேட்கிறது, உள்ளே போனில் யாரிடமோ சிரித்துப் பேசுகிறார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்கலாமா, சரியா இருக்குங்களா சார் என்று. கேட்டால் நல்லதுதானே, மேலதிகாரி இல்லையா. இப்படித்தான் ஒவ்வொரு தரமும். போட்டோவைச் சேர்த்து, அனுப்பு என்ற இடத்தை அமுக்குகிறேன். போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஏ.சி. ஓடுகிறது. அவர் இன்னும் சிரிக்கிறார்.

படிக்கட்டுக்கு வந்தேன். டீ கிளாஸோடு ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். இங்கே வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று தோன்றியது. வீட்டுக்குப் போனால் பேச மாட்டேன் என்பதும் தெரிந்தது. சுவர் ஓரமாக நின்று முனீஸ்வரி நம்பரைப் போட்டேன். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"யாரு?"

"நான் இந்துமதி. கம்பெனியில இருந்து."

"யக்கா, நீங்களா? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. எடது காது சுத்தமாக் கேக்காது, இது வலது காதுதான், இதுலயும் எரைச்சல்."

"எப்பயிருந்து காது கேக்கல?"

"அது அன்னிக்குப் போனதுதான் யக்கா. சவ்வு கிழிஞ்சுபோச்சுன்னு பெரியாஸ்பத்திரியில சொன்னாக. சொல்லுங்க, என்ன விசயம்?"

எனக்கு இது தெரியாது. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேசினாளே, சொல்லவில்லையே. நான் கேட்கவில்லையே. "முனீஸ்வரி, அந்தப் பேப்பர்ல நான் மாத்தி எழுதிட்டேன்," என்றேன். கேட்கவில்லை என்றாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பச் சொன்னேன். கேக்கல யக்கா, சத்தமா. அப்புறம் நான் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். "உன்னைத் தனபால் அடிச்சாருன்னு எழுதறதுக்குப் பதிலா, தனபாலை நீ அடிச்சேன்னு இங்கிலீஷ்ல எழுதிட்டேன். அதனாலதான் உன்னை நிறுத்துனாங்க." படியில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். கோபிநாத் டீ கிளாஸை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

அந்தப் பக்கம் குடோனில் யாரோ மூட்டையைத் தரையில் போடுகிற சத்தம் கேட்டது.

"நான் அடிச்சேன்னு பேப்பர்லயே எழுதியிருக்கா?"

"ஆமா."

"தெரிஞ்சா எழுதினீக?"

"தெரியாமத்தான் எழுதினேன். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வராது முனீஸ்வரி, சத்தியமா."

"பெறகு எப்பத் தெரிஞ்சுது?"

இன்றைக்குத்தான், கிளாஸில் மேடம் அட்டை வைத்துச் சொல்லித் தந்தபோது. அந்த வாக்கியம் எழுவாய், பயனிலை எல்லாம் சேர்ந்து வாயில் தயாராக இருந்தது. யார் வந்து இல்லை என்று சொல்லப்போகிறார்கள். "ஆர்டர் வந்த அன்னிக்கே," என்றேன். கேட்காமல் போயிருக்குமோ என்று இன்னும் சத்தமாக, "ஆர்டர் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்றேன். படிக்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும். தனபால் கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று காதைக் கொடுத்தபடி நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஹெட் ஆபீஸுக்கு எழுதிட்டேன், என் தப்புன்னு எழுதிட்டேன், என்று சொன்னேன். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"யக்கா," என்றாள் கடைசியில். "பேச்சியம்மா எழுதுனது, அந்தத் தமிழ்ப் பேப்பரு, அது இருக்கா?"

"இருக்கு. போட்டோகூட எடுத்து வச்சிருக்கேன்."

"போட்டோ வேணாம். பேப்பராக் குடுங்க. எங்க வீட்டுக்காரருகிட்டக் காட்டணும். வேலை கேட்டுப் போன கம்பெனியில யாரோ சொன்னத நம்பி, ஆம்பளைய கை நீட்டி அடிச்சுட்டு வந்தவன்னு ஒரு வருசமா எங்கூடப் பேச்சு இல்ல. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்."